வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு முழு விலையைச் சொல்லுங்கள்

2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான பார்சல்களை இந்திய அஞ்சல் துறை வாங்குவதை நிறுத்தியது. 800 டாலர் வரை மதிப்புள்ள பொருள்களுக்கு அந்நாடு கொடுத்துவந்த சுங்க விலக்கு ஆகஸ்ட் 29 அன்று முடிவுக்கு வரும் என்று அதிபரின் ஆணை வந்திருந்தது. இனி வரியை யார் வசூலிப்பது, யார் கொண்டுபோய்க் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்ற மறுத்துவிட்டன. நவராத்திரியும் தீபாவளியும் வரும் மாதங்கள் அவை. சேலை, குர்த்தி, பித்தளை விளக்கு, கடலை மிட்டாய் என்று வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி ஆன்லைன் கடை நடத்தியவர்களுக்கு ஆண்டின் முக்கியமான வியாபாரம் அந்த நேரத்தில்தான் நடக்கும். சேவை திரும்பியது அக்டோபர் 15 அன்று, தீபாவளிக்கு ஐந்தே நாள் முன்பு. திரும்பியபோது ஒரு மாற்றமும் வந்தது. அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 விழுக்காடு சுங்கத்தை, பார்சல் கிளம்புவதற்கு முன்பே, அனுப்புகிறவரிடம் இந்தியாவிலேயே வசூலிக்கத் தொடங்கினார்கள்.

அந்த 50 விழுக்காடு நிலையான எண் இல்லை. அரசியலைப் பொறுத்து ஏறும், இறங்கும். வரியை முன்கூட்டியே கட்டவேண்டிய பொறுப்பு விற்கிறவர் பக்கம் நகர்ந்திருப்பது மட்டும் எளிதில் மாறாது. கடந்த சில ஆண்டுகளில் ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் இதே திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. சின்ன பார்சலைக் கண்டுகொள்ளாமல் விடும் காலம் ஒவ்வொரு நாடாக முடிந்துகொண்டிருக்கிறது.

ஆன்லைன் கடையை வெளிநாட்டு விற்பனைக்குத் தயார் செய்கிறேன் என்று சொல்பவர்கள் பலரும் முதலில் செய்வது, விலையை டாலரில் காட்டும் ஒரு சின்ன மென்பொருளைச் சேர்ப்பது. அப்புறம் ‘உலகெங்கும் அனுப்புகிறோம்’ என்று ஒரு பட்டை. இரண்டும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டிய முதல் செய்தி வேறு: இந்தப் பொருள் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு ஆகும்? பணம் கட்டும் பக்கத்திலேயே இதற்கு விடை தருகிற கடைதான் வெளிநாட்டுக்குத் தயாரான கடை. முகவரிப் படிவம், எடை, ஆவணம், திருப்பி அனுப்பும் விதி என்று மற்ற எல்லாமே அந்த ஒரு எண்ணைச் சரியாகச் சொல்வதற்காகத்தான்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? லண்டனில் இருக்கும் ஒருவர் சேலைக்கும் கூரியருக்கும் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து கூரியர் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது: வரி இவ்வளவு, அதைக் கட்டிக்கொடுப்பதற்கான கட்டணம் இவ்வளவு, செலுத்தினால்தான் பார்சல் வரும். அவருக்கு முதலில் இது மோசடிச் செய்தியோ என்று சந்தேகம். உண்மைதான் என்று தெரிந்ததும் கோபம். சிலர் கட்டுவார்கள், சிலர் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டால் பார்சல் அங்கேயே அழிக்கப்படும், அல்லது அனுப்பியவர் செலவில் திரும்பி வரும். கட்டி வாங்கியவரும் மறுமுறை அந்தக் கடைப் பக்கம் வருவது சந்தேகம்தான். இந்த முறையை வணிக மொழியில் டிஏபி என்பார்கள்: பொருள் போய்ச் சேரும், இறக்குமதி வரி வாங்குகிறவர் பாடு. வரி உட்பட எல்லாவற்றையும் விற்கிறவரே முன்கூட்டிக் கட்டுவது டிடிபி. வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற தனிமனிதருக்கு டிஏபி பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இறக்குமதி வரி என்பது என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. தெரிந்துவைத்துச் சொல்வது கடைக்காரரின் வேலை.

எல்லா நாட்டுக்கும் இந்தக் கணக்கைப் போடுவது சிரமம்தான். அதனால்தான் ஒரே நாளில் உலகம் முழுவதும் கடையைத் திறக்கக் கூடாது. ஒரு நாட்டில் தொடங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு அந்த முதல் நாடு சிங்கப்பூராக இருப்பது நல்லது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் தவிர மற்ற எதற்கும் அங்கே சுங்க வரி கிடையாது. இருப்பது 9 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும். 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருள்களுக்கும் வெளிநாட்டு விற்பனையாளர் ஜிஎஸ்டி வசூலிக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் விதி கொண்டுவந்தார்கள். ஆனால் அது பெரிய கடைகளுக்கு. உலக அளவில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் விற்றுமுதல் இருந்து, சிங்கப்பூரில் மட்டும் 1 லட்சம் டாலருக்கு மேல் விற்றால்தான் பதிவு கட்டாயம். அந்த அளவைத் தொடாத கடை விமானத்திலோ அஞ்சலிலோ அனுப்பும் 400 டாலருக்குட்பட்ட பொருளுக்கு எல்லையிலும் வரி இல்லை. ஆக, ஒரு பருத்திச் சேலைக்கு நீங்கள் காட்டும் விலைதான் இறுதி விலை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, விமானம் நான்கு மணி நேரத்தில் போய்விடும், அஞ்சல் குறியீடு ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி. முதல் தவறுகளைச் செய்து கற்றுக்கொள்ள இதைவிட வசதியான நாடு கிடையாது.

அடுத்தது ஆஸ்திரேலியா. 2018 ஜூலையிலிருந்து 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருள்களுக்கு விற்கிறவரே 10 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கவேண்டும். ஆனால் அந்நாட்டு விற்பனை ஆண்டுக்கு 75,000 டாலரை எட்டினால்தான் பதிவு கட்டாயம். அதுவரை சிறிய கடைக்குச் சுமை இல்லை. மலேசியா 2024 ஜனவரியிலிருந்து 500 ரிங்கிட் வரையிலான இறக்குமதிக்கு 10 விழுக்காடு விற்பனை வரி போடுகிறது. அங்கேயும் ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட் என்ற எல்லைக்கு மேல்தான் விற்பனையாளர் பதிவு செய்யவேண்டும்.

பிரிட்டனுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2021 ஜனவரி 1 முதல், 135 பவுண்டு வரை மதிப்புள்ள சரக்குக்கு எல்லையில் வாட் வரி வசூலிப்பதில்லை. விற்பனை நடக்கும் இடத்திலேயே கடைக்காரர் வசூலித்து பிரிட்டன் அரசுக்குக் கட்டவேண்டும். குறைந்தபட்ச விற்றுமுதல் என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு சேலை விற்றாலும் பதிவு வேண்டும். 90 பவுண்டு சேலை, 20 பவுண்டு கூரியர் என்றால், 110-க்கு 20 விழுக்காடு வாட் 22. வாங்குகிறவர் பார்க்கவேண்டிய எண் 132 பவுண்டு. இதில் கவனித்துப் பார்த்தால் லாபமும் உண்டு. சின்னக் குழந்தைகளின் ஆடைக்கு பிரிட்டனில் வாட் பூஜ்ஜியம். தைத்த பட்டுப்பாவாடை சட்டை விற்கிற கடை, பெரியவர்கள் துணியையும் குழந்தைகள் துணியையும் ஒரே வரித் தொகுப்பில் போட்டு வைத்திருந்தால், தேவையே இல்லாமல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி விற்றுக்கொண்டிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கடினம். 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டார்கள். 150 யூரோ வரையிலான பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற ஒற்றைப் பதிவின் மூலம் 27 நாட்டு வாட் வரியையும் ஒரே இடத்தில் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தியக் கடைக்காரர் நேரடியாகச் சேர முடியாது. ஒன்றியத்துக்குள் இருக்கும் ஓர் இடையாளரை அமர்த்தி அவருக்குக் கட்டணம் கொடுக்கவேண்டும். வாட் விகிதமும் நாட்டுக்கு நாடு வேறு: ஜெர்மனியில் 19, பிரான்சில் 20, ஹங்கேரியில் 27. போதாக்குறைக்கு, 150 யூரோ வரை இருந்த சுங்க விலக்கையும் கைவிட்டு, 2026 ஜூலை முதல் சிறு பார்சல்களில் உள்ள பொருள்களுக்குத் தலா 3 யூரோ சுங்கம் போட 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள்.

அதோடு 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருக்கிறது. உணவு போன்ற சில வகைகளைத் தவிர, அங்கே விற்கும் நுகர்பொருள் எதுவானாலும் அதற்குப் பொறுப்பேற்கிற ஒருவர் ஒன்றியத்துக்குள் இருக்கவேண்டும். அவர் பெயரும் முகவரியும் பொருளிலோ பொதியிலோ இருக்கவேண்டும், இணையப் பக்கத்திலும் தெரியவேண்டும். கைவினைப் பொருள் விற்ற சிறு கடைகள் பல, இந்த ஒரு விதிக்காகவே ஐரோப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. விதியின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை வாயில் வைக்கும் மரப்பொம்மையின் சாயத்துக்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாதம் பத்து பார்சல் அனுப்புகிற ஒரு நெசவுக் குடும்பத்துக்கும் கப்பல் கப்பலாக அனுப்புகிற நிறுவனத்துக்கும் ஒரே சுமையை ஏற்றியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் தொடக்கத்தில் எட்ஸி, அமேசான் போன்ற சந்தைத் தளங்கள் வழியாக விற்பது புத்திசாலித்தனம். அந்தத் தளங்களில் நடக்கும் குறைந்த மதிப்பு விற்பனைக்கு வாட் வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பைச் சட்டமே தளத்தின் மீது வைத்திருக்கிறது. கமிஷன் போகும், வாடிக்கையாளரும் முழுக்க உங்களுடையவராக இருக்கமாட்டார். ஆனாலும் நிம்மதியாகத் தூங்கலாம். சொந்தக் கடையைச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் திறந்து வைத்துவிட்டு, விற்பனை வளர்ந்தபின் பிரிட்டனில் பதிவு செய்துகொள்ளலாம்.

வரிக் கணக்கு சரியாக வர, பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்ணான ஹெச்எஸ் கோடு சரியாக இருக்கவேண்டும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. தைக்காத பட்டுச் சேலை இந்தியாவின் அட்டவணையில் 5007, அதாவது நெய்த பட்டுத் துணி. அதே துணியில் தைத்த ரவிக்கை 62ஆம் அத்தியாயம். திருப்பூர் பின்னலாடை 61. ஒவ்வொன்றுக்கும் வரி வேறு. கடையின் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த எண்ணையும், எந்த நாட்டில் செய்தது என்பதையும், கிராமில் எடையையும் பதிந்து வைக்க இடம் இருக்கும். ஷாப்பிஃபையில் இருக்கிறது, வூகாமர்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பொருளுக்கு இதை நிரப்புவது சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் தானாக வரி கணக்கிடும் எந்தச் சேவையையும் இணைத்துப் பயனில்லை. விற்பனையில் முன்னணியில் இருக்கும் ஐம்பது பொருளுக்கு மட்டும் நிரப்பி, அவற்றை மட்டும் வெளிநாட்டுக்குத் திறந்து விடுங்கள்.

இன்வாய்ஸில் உண்மை விலையை எழுதவேண்டும். ‘கிஃப்ட் என்று போட்டு அனுப்புங்கள், 20 டாலர் என்று எழுதுங்கள்’ என்று வாங்குகிறவரே கேட்பார், சில கூரியர் முகவர்களும் சொல்லித் தருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் தண்டனை என்பது ஒரு பக்கம். பார்சல் தொலைந்தால் 20 டாலர்தான் இழப்பீடு கிடைக்கும். வங்கிக்கு வந்த தொகைக்கும் ஏற்றுமதி ஆவணத்துக்கும் பொருத்தமும் இருக்காது. வியாபாரம் வளர்ந்து கடனுக்கோ ஏற்றுமதிச் சலுகைக்கோ போகும்போது, இத்தனை ஆண்டு ஏற்றுமதி செய்தேன் என்று காட்டக் கையில் ஒரு தாளும் இருக்காது.

இந்தியப் பக்கத்து ஆவணங்கள் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. வெளிநாட்டு வணிக இயக்ககத்திடம் 500 ரூபாய் கட்டி, ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கான ஐஇசி எண் வாங்கவேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதிசெய்யவேண்டும். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ஜிய விகிதம். வரி கட்டாமலே அனுப்ப, ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிப்பத்திரத்தை ஜிஎஸ்டி தளத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பணத்தைக் கையாளும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடை வாங்கிச் சுங்கத்தில் பதியவேண்டும். அப்புறம் கூரியரில் அனுப்பும்போது சிஎஸ்பி-5 என்ற ஆவண வகையில் போகவேண்டும். பரிசுக்கும் மாதிரிக்கும் உரிய சிஎஸ்பி-4 விற்பனைக்கு ஆகாது. கூரியர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள், அதாவது அஞ்சலக ஏற்றுமதி மையங்கள், இருக்கின்றன. நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல். சுங்க ஆவணத்தை அங்கிருந்தே இணையத்தில் பதியலாம். சிறிய ஊரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வசதி. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

மொத்த விலையைத் தவறாகச் சொல்ல வைக்கும் இன்னொரு விஷயம் அட்டைப்பெட்டி. கூரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருகிற எண்ணையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 900 கிராம் சேலையை 40×30×10 அளவுள்ள அழகான பெட்டியில் வைத்தால் 2.4 கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். அதையே 35×28×4 அளவுள்ள தட்டையான உறையில் மடித்து வைத்தால் கணக்கு எடை 800 கிராமுக்குள் வந்துவிடும். தராசு எடைக்கு மட்டும் கட்டினால் போதும். கல்யாணப் பட்டுக்குப் பெட்டி இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். பெட்டி வேண்டுமா என்று வாங்குகிறவரையே கேளுங்கள், அதற்கான கூடுதல் தொகையையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

சரி, இணையதளத்துக்கு வருவோம். இந்தியாவுக்காகக் கட்டிய கடைகள் வெளிநாட்டு வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் நிறைய. முதலாவது ஓடிபி. கைப்பேசி எண்ணுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறது கடை. எண்ணோ பத்து இலக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்கிறது. சிங்கப்பூர் எண் எட்டு இலக்கம். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து பதினைந்து இலக்கம் வரை போகலாம் என்பதுதான் உலக வழக்கு. எண்ணை ஏற்றுக்கொண்டாலும் பல உள்நாட்டுக் குறுஞ்செய்திச் சேவைகளால் வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்ப முடிவதில்லை. மின்னஞ்சல் முகவரியோடு, கணக்குத் தொடங்காமலே வாங்க வழி விடுங்கள்.

இரண்டாவது பின்கோடு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஹாங்காங்கிலும் அஞ்சல் குறியீடே கிடையாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது என்று வைத்திருந்தால் துபாய்க்காரர் என்ன செய்வார்? ஆறு பூஜ்ஜியம் போடுவார், அல்லது போய்விடுவார். பிரிட்டனில் எழுத்தும் எண்ணும் கலந்து, நடுவே இடைவெளியோடு வரும். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல்: அங்கேயும் ஆறு இலக்கம். பின்கோடை வைத்து ஊர் பெயரைத் தானாக நிரப்பும் வசதி உங்கள் கடையில் இருந்தால், ஜூரோங் பகுதியில் 600-இல் தொடங்கும் குறியீட்டைப் போட்டவருக்கு ஊர் ‘சென்னை’ என்று நிரம்பி நிற்கும். அங்கே அடுக்குமாடி வீட்டு எண்ணை # குறி போட்டு எழுதுவதுதான் வழக்கம். அந்தக் குறியை ஏற்காத படிவங்களும் உண்டு. நாட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்த நாட்டுக்கு ஏற்றபடி முகவரிக் கட்டங்கள் மாறவேண்டும், அவ்வளவுதான் தேவை. பெரிய கடை மென்பொருள்களில் இது ஏற்கனவே இருக்கிறது. உள்ளூரில் சேர்த்த கூடுதல் நிரல்கள்தான் அதைக் கெடுத்து வைத்திருக்கும்.

குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்காதீர்கள். தமிழர்களுக்கே விற்கிற கடை, ஒற்றைப் பெயரும் முன்னெழுத்தும் உள்ளவரை ‘கடைசிப் பெயர் இல்லை’ என்று தடுத்து நிறுத்துவது நமக்கு அழகில்லை.

நாணயத்தைப் பொறுத்தவரை, தானாக மாற்றிய விலையை அப்படியே காட்டினால் 37.43 டாலர் என்று வரும், மறுநாள் 37.61 ஆகும். நாட்டுக்கு ஒரு விலையைக் கையால் வைத்து, நாணய மாற்றில் பெரிய அசைவு வரும்போது மாற்றிக்கொள்வது நல்லது. குவைத், பஹ்ரைன், ஓமன் நாணயங்களுக்கு மூன்று தசம இலக்கம், ஜப்பானின் யென்னுக்கு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு இலக்கம் என்று எழுதிய நிரல் வளைகுடா ஆர்டரில் தொகையைப் பிசகாக வெட்டும். ஐபி முகவரியைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடித்துப் பக்கத்தை வலுக்கட்டாயமாக மாற்றவும் வேண்டாம். கூகுளின் தேடல் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வந்து பார்க்கிறது. அதை எப்போதும் டாலர் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் உங்கள் மற்ற பக்கங்கள் தேடலில் வராமல் போகலாம். ‘நீங்கள் மலேசியாவில் இருக்கிறீர்களா?’ என்று ஒரு வரியில் கேட்டால் போதும்.

பணம் வாங்கும் வழிகள் இப்போது முன்பைவிட எளிது. எல்லை கடந்த பணப் பரிமாற்றத் தொகுப்பாளர்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31 அன்று வெளியிட்டது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியாக இப்போது ஒரு பரிமாற்றத்துக்கு 25 லட்சம் ரூபாய் வரை வாங்கலாம். பேபால் 2021 ஏப்ரலில் இந்திய உள்நாட்டுச் சேவையை விட்டுவிட்டாலும் வெளிநாட்டுப் பணத்துக்கு இன்னும் இருக்கிறது. வந்த ஒவ்வொரு தொகைக்கும் வங்கிச் சான்று கேட்டு வாங்கி, ஏற்றுமதி ஆவணத்தோடு பொருத்தி வைக்கவேண்டும்.

ஆபத்து அதிகமுள்ள இடம் கார்டுதான். இந்தியாவில் ஒவ்வொரு இணைய அட்டைப் பரிமாற்றத்துக்கும் இரண்டாவது உறுதிப்படுத்தல் கட்டாயம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அட்டை எண்ணும் பின்பக்க எண்ணும் இருந்தால் பணம் போய்விடும். திருட்டு அட்டையில் வாங்கிவிட்டால், உண்மையான உரிமையாளர் மாதங்கள் கழித்துக்கூட வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பொருளும் போய், பணமும் போய், தண்டக் கட்டணமும் கடைக்காரர் தலையில் விழும். அட்டையின் முகவரியும் அனுப்பும் முகவரியும் வெவ்வேறு நாடு, முதல் ஆர்டரே மிகப் பெரியது, அவசரமாக வேண்டும் என்ற வற்புறுத்தல் — மூன்றும் சேர்ந்து வந்தால் அனுப்பாமல் நிறுத்தி, வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்புங்கள்.

ஆனால் முகவரி வேறு என்பதற்காகவே தானாகத் தடுத்துவிடவும் கூடாது. டொராண்டோவில் இருக்கும் மகள் மதுரையில் இருக்கும் அம்மாவுக்குச் சேலை வாங்கி அனுப்புவது நம் கடைகளில் மிகச் சாதாரணம். இதில் பலர் கவனிக்காத வரிச் சிக்கல் ஒன்று உண்டு. பணம் கனடா டாலரில் வந்திருந்தாலும் பொருள் இந்தியாவை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே அது ஏற்றுமதி இல்லை, ஜிஎஸ்டி உண்டு. வெளிநாட்டு அட்டை என்றாலே வரி பூஜ்ஜியம் என்று மென்பொருளில் அமைத்து வைத்தால், ஆண்டு முடிவில் அந்த வரியைக் கைக்காசில் கட்டவேண்டி வரும். வரியைத் தீர்மானிப்பது பொருள் போய்ச் சேரும் முகவரியாக இருக்கவேண்டும்.

உணவு விற்கிறவர்களுக்கு மேலே சொன்ன எல்லாமும் உண்டு, கூடவே இன்னொரு அடுக்கும் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், எல்லையைத் தாண்ட உதவாது. அமெரிக்காவுக்கு உணவு அனுப்ப, தயாரிக்கும் இடம் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பதிவாகியிருக்க வேண்டும், அங்கே ஒரு முகவர் இருக்கவேண்டும், சரக்கு போகும் முன்பே முன்னறிவிப்புத் தரவேண்டும். நிலக்கடலையில் வரும் அஃப்ளடாக்சின் நச்சுக்கு அமெரிக்காவின் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு வெறும் 4. ஒவ்வாமைக் குறிப்பு இரண்டு இடத்திலும் கட்டாயம். அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் எள்ளுருண்டைக்கும் அது பொருந்தும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்த ஒரு வரி உயிர்ப் பிரச்சினை. பால்கோவா மாதிரிப் பால் பண்டங்களை ஐரோப்பாவுக்குத் தனிநபர் பார்சலில் அனுப்பவே முடியாது. ஆகவே பொருளுக்குப் பொருள், நாட்டுக்கு நாடு, எது போகும் எது போகாது என்று கடையிலேயே பூட்டி வையுங்கள். பணம் வாங்கிவிட்டு ‘மன்னிக்கவும், இதை அனுப்ப முடியாது’ என்று எழுதுவதைவிட, அந்த நாட்டுக்காரருக்கு அந்தப் பொருளைக் காட்டாமல் இருப்பது மேல்.

பொருளைப் பற்றிய விவரிப்பில் அளவுகளை இன்ச், சென்டிமீட்டர் இரண்டிலும் கொடுங்கள். எஸ், எம், எல் என்று மட்டும் போட்டால் போதாது. பிரிட்டனின் 10 அமெரிக்காவில் 6, ஐரோப்பாவில் 38. மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலம் மட்டுமே போதும் என்று நினைக்கவேண்டாம். பாரிஸிலும் சூரிச்சிலும் ஜெர்மனி நகரங்களிலும் இருக்கும் ஈழத்தமிழர் குடும்பங்களில், முக்கியமாக மூத்தவர்களுக்கு, வெளியே பேசுவது பிரெஞ்சோ ஜெர்மனோ, வீட்டில் தமிழ். ஆங்கிலம் அவர்களுக்கு இடையில் எங்கும் வருவதில்லை. ஒரு நல்ல தமிழ்ப் பக்கம் அங்கே நேரடியாக விற்பனை தரும்.

கடைசியாகத் திருப்பி அனுப்புதல். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இணையத்தில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம், அது சட்ட உரிமை. அவர் அளவுக்கென்றே தைத்த ரவிக்கை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. திரும்பி வரும் பொருளை இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரி கட்டாமல் எடுக்க வழி இருக்கிறது. அனுப்பியபோது போட்ட ஏற்றுமதி ஆவணத்தைக் காட்டி, அதே பொருள்தான் திரும்பி வந்திருக்கிறது என்று நிறுவவேண்டும். முறையாக அனுப்பாதவருக்கு அந்த வழியும் இல்லை. விலை குறைந்த பொருளுக்குத் திரும்ப வரும் கூரியர் செலவே விலையைத் தாண்டிவிடும். அப்போது பொருளை அவரிடமே விட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மலிவு. எந்த விலைக்குக் கீழே அப்படிச் செய்வது என்று முதல் வெளிநாட்டு ஆர்டர் வருமுன்பே முடிவு செய்து, அந்தச் செலவையும் விலைக்குள் வைத்துவிடுங்கள். கூரியர் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம் திரும்பும், முன்கூட்டிக் கட்டிய இறக்குமதி வரி திரும்புமா என்ற மூன்றையும் நான்கு வரியில், ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.